நீலம் மட்டும் போதாது

செல் வளர்ப்புக் கூடத்தில் ஒரு ஃபிளாஸ்க்கைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது மீடியத்தின் நிறத்தை அல்ல. பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கும் எண்ணை. புதிதாக வருகிற மாணவர்கள் அங்கே பாசேஜ் எண்ணை மட்டும் எழுதுவார்கள். நான் இரட்டிப்பு எண்ணையும் கேட்பேன். பாசேஜ் எண் என்பது செல்களை எத்தனை முறை பெயர்த்தெடுத்துப் புது ஃபிளாஸ்க்கில் விட்டோம் என்ற கணக்கு. இரட்டிப்பு எண் என்பது அந்தச் செல் கூட்டம் எத்தனை முறை இரண்டு மடங்கானது என்ற கணக்கு. ஒரு ஃபிளாஸ்க்கை இரண்டாகப் பிரித்தால் அது மறுபடி நிரம்பும்போது ஓர் இரட்டிப்பு ஆகியிருக்கும். எட்டாகப் பிரித்தால் மூன்று. பாசேஜ் எண்ணோ இரண்டிலும் ஒன்றுதான் கூடும்.

ஹீலா போன்ற புற்றுநோய்ச் செல்களோடு மட்டும் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் உறைக்காது. அவற்றுக்கு எல்லை கிடையாது. மனிதத் தோலிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ எடுத்த இயல்பான ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லுக்கு எல்லை உண்டு. எல்லையைத் தொட்டதும் அது செத்துவிடுவதில்லை. பிரிவதை மட்டும் நிறுத்திக்கொண்டு, உயிரோடு, தின்றுகொண்டு, ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது. இதைத்தான் செல் மூப்பு என்கிறோம். என் வேலையின் பெரும்பகுதி இப்படி நின்றுபோன செல்களோடுதான்.

இதைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளும் முதல் தடவை நேரில் பார்க்கும்போது பயந்துவிடுகிறார்கள். 

"மேடம், என் செல் எல்லாம் செத்துப்போச்சு. ரெண்டு வாரமா ஃபிளாஸ்க் நிரம்பவே இல்ல."

"மிதக்குதா?"

"இல்ல மேடம், ஒட்டிக்கிட்டுதான் இருக்கு."

"அப்ப சாகலப்பா. நின்னுடுச்சு. டபுளிங் எத்தனை எழுதியிருக்க, எடுத்துட்டு வா."

நின்றுபோவதற்கு முன்பே அடையாளங்கள் தெரியத் தொடங்கும். மூன்று நாளில் நிரம்பிய ஃபிளாஸ்க்குக்கு ஐந்து நாள் ஆகும், அப்புறம் எட்டு. ஒட்டிய செல்களைப் பெயர்க்கும் டிரிப்சின் நொதியை விட்டால் சட்டென்று உருண்டு மேலே வந்த செல்கள் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் தட்டவேண்டி வரும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், இளமையில் ஒல்லியாக, நீளமாக, ஒரே திசையில் வரிசை பிடித்துக் கிடந்தவை இப்போது பரந்து விரிந்து, தட்டையாக, விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாதபடி கிடக்கும். எங்கள் கூடத்தில் இதற்கு ஒரே பெயர்தான்: செல் ஆஃபாயில் ஆகிவிட்டது. நடுவில் மேடாக நியூக்ளியஸ், சுற்றிலும் ஒழுங்கில்லாமல் படர்ந்த வெள்ளை. இதைவிடச் சரியான வர்ணனையை நான் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் படித்ததில்லை. சிலவற்றில் இரண்டு நியூக்ளியஸும் இருக்கும். ஆஃபாயிலில் இரட்டைக் கரு வருவதுபோலத்தான்.

ஆனால் கண்ணால் பார்த்ததை வைத்து எழுதிவிட முடியாது. மருந்து அதிகமாகிப்போனாலும் செல் விரியும். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் தொற்றினாலும் வளர்ச்சி மந்தமாகும். அதனால்தான் எல்லோரும் நீலத்துக்குப் போகிறோம்.

1995இல் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் ஜூடித் கேம்பிசியின் குழு ஒரு சாயமுறையை வெளியிட்டது. செல்லுக்குள் இருக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி எக்ஸ்-கால் என்னும் பொருளை வெட்டினால் நீல நிறம் படியும். இந்த நொதி எல்லாச் செல்களிலும் லைசோசோம் என்ற கழிவு செரிக்கும் பையில் இருப்பதுதான். அதற்குப் பிடித்தமான பிஎச் ஏறக்குறைய 4.5. பிஎச் 6.0இல் வைத்துச் சோதித்தால் இளம் செல்களில் நீலம் வராது, மூத்த செல்களில் வரும். இதுதான் கண்டுபிடிப்பு. மூப்புக்கென்று தனியாக ஒரு நொதி இருப்பதாகச் சில வருடங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். 2006இல் அது வழக்கமான லைசோசோம் நொதியேதான், அளவு மிகுந்திருப்பதால் சாதகமில்லாத பிஎச்சிலும் வேலை செய்கிறது என்று தெளிவானது. மூத்த செல்லில் லைசோசோம்கள் பெருத்துப் பெருகிக் கிடக்கின்றன. நாம் பார்க்கும் நீலம் அந்தப் பெருக்கத்தைத்தான் காட்டுகிறது.

முறை எளிமையானது. எளிமையாக இருப்பதுதான் ஆபத்து. ஃபார்மால்டிஹைடும் குளூட்டரால்டிஹைடும் கலந்த கரைசலில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். அதற்கு மேல் போனால் நொதி செத்துவிடும். பிறகு சிட்ரிக் அமிலமும் பாஸ்பேட்டும் சேர்ந்த பஃபரில் எக்ஸ்-காலைக் கலந்து, 37 டிகிரியில் ஓர் இரவு. இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். பழக்க தோஷத்தில் தட்டைக் கொண்டுபோய் செல் வளர்க்கும் இன்குபேட்டரிலேயே வைத்துவிடுவார்கள். அதில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. வாயு கரைந்து பிஎச் இறங்கும். பிஎச் இறங்கினால் இளம் செல்லும் நீலமாகும். மறுநாள் காலை தட்டு முழுக்க நீலமாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற முகத்தைக் கெடுப்பது எனக்கே சங்கடமாக இருக்கும். வாயு இல்லாத சாதாரண இன்குபேட்டர் வேண்டும். ஆனால் அதில் ஈரப்பதம் இருக்காது, தட்டின் விளிம்பு காய்ந்து உப்புப் படிகம் பூக்கும், படிகத்தின் மேலேயும் நீலம் ஒட்டும். பாராஃபிலிம் சுற்றிவைத்தால் தப்பிக்கலாம். பிறகு நீலச் செல்களை, எந்தத் தட்டு எந்த மருந்து என்று தெரியாத ஒருவரை எண்ணச் சொல்ல வேண்டும். நீலமா வெளிர்நீலமா என்று தடுமாறும் இடத்தில் நம் ஆசை எண்ணிக்கையில் புகுந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் நீலம் பொய் சொல்லும். ஃபிளாஸ்க் நிரம்பி வழிய நாள்கணக்கில் விட்டுவைத்த இளம் செல்களும் நீலமாகும். அவற்றைப் பிரித்துப் புது இடத்தில் போட்டால் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் இயல்பிலேயே லைசோசோம் நிறைந்தவை, அவையும் நீலமாகும். ஆகவே திசு வெட்டில் நீலத்தைப் பார்த்து இது மூத்த செல் என்று சொல்பவரிடம், அது மேக்ரோபேஜ் இல்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்பது என் வழக்கம். மருத்துவமனைகளின் நோய்க்குறியியல் அறைகளில் பாரஃபின் மெழுகில் பதித்து வருடக்கணக்காக அடுக்கிவைத்திருக்கும் திசுக்களில் இந்தச் சாயம் ஏறவே ஏறாது. மெழுகில் பதிக்கும் வேலையிலேயே நொதி போய்விடுகிறது. அங்கே லிப்போஃபியூசின் என்ற பழுப்புக் கழிவைச் சூடான் பிளாக் சாயம்கொண்டு தேடலாம்.

சரி, நீலத்தோடு வேறு எதைப் பார்ப்பது? டிஎன்ஏவைப் படியெடுக்கும் செல்களில் மட்டும் ஏறும் பொருளைக் கொடுத்து, அது ஏறவில்லை என்று உறுதிசெய்வது. நியூக்ளியஸ் உறையில் லேமின் பி1 குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது. டிஎன்ஏ முறிவின் அடையாளப் புள்ளிகள் மறையாமல் நிற்கின்றனவா என்று பார்ப்பது. செல் பிரிவதற்குத் தடைபோடும் பி16, பி21 என்ற இரண்டு புரதங்களை அளப்பது. ஒவ்வொன்றும் தனியாக நின்றால் ஏமாற்றக்கூடியது; மூன்று நான்கு சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

பி16 ஏமாற்றும் விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பி16 கூடினால் ஆர்பி என்ற காவல் புரதம் விழிப்போடு இருக்கும், செல் பிரியாது. மூப்பின் மிகச் சிறந்த அடையாளமாகப் பலரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் கருப்பைவாய்த் திசுவைச் சோதிக்கும் மருத்துவர் அதே பி16 அடர்த்தியாகச் சாயம் ஏறியிருந்தால் புற்றுநோய்க்கு முந்தைய கடும் மாற்றம் என்று எழுதுகிறார். இரண்டும் சரிதான். மனிதப் பாப்பிலோமா வைரஸின் இ7 புரதம் ஆர்பியைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடுகிறது. கட்டுப்பாடு அறுந்த செல், தடையை இன்னும் அழுத்த முயன்று பி16ஐ உற்பத்தி செய்துகொண்டே போகிறது, அழுத்தியும் பயனில்லை. ஆகவே பி16 நிரம்பி வழிகிறது, செல்லோ வெறிபிடித்துப் பெருகுகிறது. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்களிலும் இந்த வைரஸின் 18ஆம் வகைதான் உட்கார்ந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு குழு, வைரஸின் அந்தத் தீங்கு மரபணுக்களை அடக்கும் இ2 புரதத்தை ஹீலாவுக்குள் செலுத்திப் பார்த்தது. அரை நூற்றாண்டாக நிற்காமல் பெருகிய செல்கள் சில நாட்களில் தட்டையாகி, விரிந்து, நின்றுபோயின. நிற்கும் வழி அவற்றுக்குள் அவ்வளவு காலமும் அழியாமல் இருந்திருக்கிறது. நான் படித்த சோதனைகளில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் இது ஒன்று.

எல்லை இருக்கிறது என்பதையே ஒருகாலத்தில் யாரும் நம்பவில்லை. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சிஸ் கேரல் 1912இல் கோழிக் கருவின் இதயத்திலிருந்து செல்களை எடுத்து வளர்க்கத் தொடங்கினார். அதே ஆண்டு ரத்தக் குழாய்த் தையலுக்காக நோபல் பரிசும் வாங்கியவர். அந்தச் செல் வளர்ப்பு 1946வரை, அவர் இறந்த பிறகும், உயிரோடு இருந்ததாகச் சொல்லப்பட்டது. செல்லுக்குச் சாவில்லை, உடம்புக்குத்தான் உண்டு என்பது பாடமாகிப்போனது. வளர்ப்பில் செல் நின்றால் வளர்த்தவரின் கைதான் சரியில்லை என்று அர்த்தம். அவ்வப்போது ஊற்றிய கருச் சாறு வழியாகப் புதுச் செல்கள் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கலாம் என்ற விளக்கம் பின்னால்தான் வந்தது.

பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லியோனார்ட் ஹேஃப்லிக், தன் செல்கள் நிற்பதைக் கைக்குறை என்று ஒதுக்காமல் ஆராய்ந்தார். குரோமோசோம் பார்ப்பதில் தேர்ந்த பால் மூர்ஹெட்டோடு சேர்ந்து அவர் செய்த சோதனையின் நேர்த்தியை மாணவர்களுக்கு நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். ஏறக்குறைய 40 முறை இரட்டித்த ஆண் செல்களையும் 10 முறை மட்டும் இரட்டித்த பெண் செல்களையும் ஒரே ஃபிளாஸ்க்கில் கலந்து வளர்த்தார்கள். ஒரே மீடியம், ஒரே கை, ஒரே வெப்பநிலை. காலம் போனதும் குரோமோசோம்களைப் பார்த்தால் அங்கே பெண் செல்கள் மட்டுமே இருந்தன. மீடியத்தில் குறையிருந்தால் இரண்டும் நின்றிருக்க வேண்டும். கணக்கு செல்லுக்குள்ளேயே இருக்கிறது. 50 இரட்டிப்பு அளவில் நின்றுவிடுகிறது என்ற அந்தக் கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ் திருப்பி அனுப்பியது. மறுத்துக் கடிதம் எழுதிய பேட்டன் ரௌஸ் 1966இல் நோபல் பரிசு பெற்ற பெரிய மனிதர். கட்டுரை 1961இல் வேறோர் இதழில் வந்தது. உறைநிலையில் வைத்த செல்களை எத்தனையோ ஆண்டுகள் கழித்து எடுத்தாலும் விட்ட எண்ணிலிருந்துதான் அவை தொடர்கின்றன.

எல்லையுள்ள, புற்றாகாத செல் என்பதால்தான் ஹேஃப்லிக் வளர்த்தது போன்ற, இயல்பான குரோமோசோம் எண்ணிக்கை கொண்ட மனித டிப்ளாய்டு செல்களில் தடுப்பூசி வைரஸ்களை நம்பி வளர்க்க முடிந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் போட்ட தட்டம்மை-ருபெல்லா ஊசி நினைவிருக்கும். அதன் ருபெல்லா வைரஸ் மனித டிப்ளாய்டு செல்களில் வளர்ந்ததுதான்.

கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு விடை டெலோமியர். குரோமோசோமின் நுனியில் இருக்கும் இந்தத் திரும்பத் திரும்ப வரும் தொடர் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் தேய்கிறது. மிகவும் தேய்ந்தால் செல் அதை முறிவு என்று எடுத்துக்கொண்டு நிற்கிறது. அதை நீட்டும் டெலோமரேஸைச் செலுத்தினால் எல்லை தாண்டிப் போகும் என்று 1998இல் காட்டினார்கள். இந்தத் துறைக்கு 2009இல் நோபல் கிடைத்தது. இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. கூடத்தில் வேலை செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. எலிச் செல்லுக்கு டெலோமியர் நீளம் தாராளம்; ஆனாலும் அது வளர்ப்பில் மனிதச் செல்லைவிடச் சீக்கிரம் நிற்கும். காரணம் நாம் கொடுக்கும் காற்று. காற்றில் ஏறக்குறைய 20 சதவீதம் ஆக்சிஜன். உடம்பின் திசுக்களுக்குள் அதில் சிறுபகுதிதான். ஆக்சிஜனை 3 சதவீதமாகக் குறைத்து வளர்த்தபோது எலிச் செல்கள் நிற்காமல் ஓடின என்று 2003இல் கேம்பிசியின் குழு வெளியிட்டது. நாம் மூப்பு என்று அளப்பதில் ஒரு பங்கு நம் இன்குபேட்டர் செய்த காயம். ஆக்சிஜனைக் குறைக்கும் வசதியுள்ள இன்குபேட்டர் விலை அதிகம். வாங்க முடியாத கூடங்கள், தங்கள் கட்டுரையில் ஆக்சிஜன் அளவையாவது எழுத வேண்டும்.

கதிர்வீச்சு, கீமோ மருந்து, தறிகெட்ட மரபணு ஆகியவையும் செல்லை நிறுத்தும். கடைசியாகச் சொன்னதுதான் மூப்பு ஏன் உடம்பில் இருக்கிறது என்பதைப் புரியவைத்தது. 1997இல் மானுவல் செர்ரானோவும் ஸ்காட் லோவும் சேர்ந்த குழு இயல்பான செல்லுக்குள் ராஸ் என்ற புற்று மரபணுவைச் செலுத்தியது. பெருகும் என்று எதிர்பார்க்கக்கூடிய செல், பி53 என்ற இன்னொரு காவல் புரதத்தையும் பி16ஐயும் கூட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உடம்பில் இது உண்மையில் நடக்கிறதா என்று கேட்டவர்களுக்கு 2005இல் வந்த விடை நம் தோலிலேயே இருந்தது. மச்சம். பெரும்பாலான மச்சங்களின் நிறமிச் செல்களில் பிராஃப் என்ற மரபணுவில் மெலனோமா புற்றுநோயில் காணும் அதே பிறழ்வு இருக்கிறது. கொஞ்சம் பெருகி, ஒரு பொட்டு அளவு வந்ததும் நின்றுவிட்டவை. முழுமையாக மூப்படைந்துதான் நிற்கின்றனவா, பக்கத்துச் செல்களின் தடையால் நிற்கின்றனவா என்று இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும், எந்த இடத்து மச்சத்துக்கு என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் தேடுகிற நமக்கு, பத்துக்கணக்கான வருடங்கள் அசையாமல் இருப்பதே அதன் பெரிய பலன். (வளர்கிற, நிறம் மாறுகிற, ரத்தம் கசிகிற மச்சத்தைத் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.)

இவ்வளவு நல்ல காவலாளி எப்படி நோய்க்குக் காரணமானான்? நின்ற செல் சும்மா இருப்பதில்லை. இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, இணைப்புத் திசுவைக் கரைக்கும் நொதிகள் என்று வரிசையாகச் சுரந்து வெளியே விடுகிறது. கூடத்தில் இந்தச் சுரப்புக் கூட்டத்துக்கு சாஸ்ப் என்று பெயர். 2008இல் கேம்பிசியின் குழு இதை விரிவாகப் பட்டியலிட்டது. மூத்த செல்கள் இருந்த மீடியத்தை வடிகட்டி இளம் செல்களின் மேல் ஊற்றிப் பாருங்கள்: ஒரு மூத்த செல்கூட அதில் போகவில்லை, ஆனாலும் சில இளம் செல்கள் நின்றுபோகும். 2001இலேயே, மூத்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் பக்கத்தில் இருந்தால் புற்றுக்கு முந்தைய நிலையிலுள்ள எபிதீலியச் செல்கள் வேகமாகப் பெருகி எலிகளில் கட்டியாகின்றன என்று காட்டியிருந்தார்கள். தன்னைப் புற்றாகாமல் காத்துக்கொண்ட செல் பக்கத்துச் செல்லைப் புற்றாக்க உதவுகிறது.

ஆனால் இந்தச் சுரப்பும் வெறும் கேடு இல்லை. 2008இல் எலிகளின் ஈரலைச் சேதப்படுத்திப் பார்த்தபோது, தழும்பை உண்டாக்கும் நட்சத்திர வடிவச் செல்கள் ஓரளவு வேலை முடிந்ததும் மூப்படைந்து நின்றன. சுரப்பைக் கண்டு வந்த இயற்கைக் கொல்லி செல்கள் அவற்றை அகற்றின. தழும்பு கட்டுக்குள் நின்றது. 2013இல் ஒரே நேரத்தில் வந்த இரண்டு கட்டுரைகள், பிறக்காத கருவிலேயே மூப்பு நடக்கிறது என்று சொன்னபோது பலருக்கும் அதிர்ச்சிதான். கை கால் முளைக்கும் விளிம்பில், உட்செவியில், சில நாட்கள் மட்டும் இருந்து மறையும் ஆதி சிறுநீரகத்தில் செல்கள் குறித்த நேரத்தில் நின்று, சுரந்து, அகற்றப்பட்டு உறுப்பை வடிவமைக்கின்றன. 2014இல் தோல் காயத்தில் மூத்த செல்களை நீக்கிவிட்ட எலிகளுக்குக் காயம் ஆறத் தாமதமானது.

இந்த மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது: செல் வந்தது, வேலை பார்த்தது, போய்விட்டது. போகாமல் தங்கினால்தான் நோய். வயது ஏறஏற, அகற்ற வேண்டிய நோயெதிர்ப்புச் செல்களும் தளர்வதால் அவை தங்குகின்றன. கொல்லி செல்களின் ஆயுதமான பெர்ஃபோரின் இல்லாத எலிகளில் மூத்த செல்கள் குவிவதைப் பார்த்திருக்கிறார்கள். மூப்படைந்த செல் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் எத்தனை நாளாக இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பது அதனால்தான். வருத்தம் என்னவென்றால், நீலம் அந்த நாளைக் காட்டாது. நேற்று நின்ற செல்லும் பத்து வருடத்துக்கு முன் நின்ற செல்லும் தட்டில் ஒரே நிறம்.

கொன்றுவிட்டால் என்ன என்ற கேள்விக்கு மேயோ கிளினிக்கில் டேரன் பேக்கரும் யான் வான் டியூர்சனும் மரபணு மாற்றிய எலிகளைக்கொண்டு விடை தேடினார்கள். பி16 இயங்கும் செல்கள் மட்டும் ஒரு மருந்து கொடுத்தால் சாகும்படி வடிவமைத்த எலிகள் அவை. 2011இல் விரைவாக மூப்படையும் எலிகளில் கண்புரையும் தசைத் தேய்வும் தள்ளிப்போயின. 2016இல் இயல்பான எலிகளுக்கு ஒரு வயதிலிருந்து வாரம் இரண்டு முறை மருந்து கொடுத்தார்கள். அவற்றின் நடு ஆயுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நீண்டது. மரபணு மாற்றாமலே செய்ய 2015இல் ஒரு ஜோடி மருந்து வந்திருந்தது: ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாசாடினிப், வெங்காயத்திலும் ஆப்பிளிலும் இருக்கும் குவெர்செட்டின். கீமோ கொடுத்த எலிகளில் மூத்த செல்களை நீக்கியபோது சோர்வும் இதயப் பாதிப்பும் குறைந்தன என்று 2017இல் வந்த செய்தி, புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களைப் பார்க்கிற யாருக்கும் நம்பிக்கை தரும்.

பிறகுதான் மனிதர்கள் வந்தார்கள். 2019இல் நுரையீரல் தழும்பு நோயாளிகள் 14 பேருக்கு மூன்று வாரம் டாசாடினிப்பும் குவெர்செட்டினும் கொடுத்தபோது நடக்கும் தூரம் கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைக் குழு அதில் இல்லை. 2020இல் மூட்டுத் தேய்மானம் உள்ள 183 பேரின் முழங்காலில் மூத்த செல்லைக் கொல்லும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 12 வாரம் கழித்து வலிக் கணக்கில் மருந்துக்கும் வெற்று ஊசிக்கும் வித்தியாசம் இல்லை. மருந்து நிறுவனத்தின் பங்குகளை வாங்கியிருந்தவர்களுக்கு அது பேரதிர்ச்சி. எனக்கு இல்லை. அந்த முழங்காலுக்குள் மூத்த செல்கள் எத்தனை, ஊசிக்குப் பின் எத்தனை செத்தன என்று உயிரோடிருக்கும் மனிதருக்குள் எண்ணும் கருவி நம்மிடம் இல்லை. எண்ணத் தெரியாததைக் கொல்லப் புறப்பட்டால், தோற்றாலும் ஏன் தோற்றோம் என்று தெரியாது.

அதே 2020இல் பிரான்சில் நடந்த எலி ஆய்வு ஒன்றைத்தான் என் மாணவர்களைக் கட்டாயமாகப் படிக்கச் சொல்கிறேன். வயதான எலிகளில் பி16 மிகுந்த செல்களில் பெரும்பகுதி ஈரலின் நுண்குழாய்ச் சுவர்ச் செல்கள். அவற்றை நீக்கினார்கள். இடத்தை நிரப்பப் புதுச் செல்கள் வரவில்லை. தழும்புத் திசு வந்தது. எலிகளின் உடல்நிலை சீரழிந்தது. மூத்துப்போனாலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவை அவை. மேயோ எலிகளும் இந்த எலிகளும் ஏன் வேறுபட்டன? இரு குழுக்களும் பி16ஐப் பிடித்த விதம் வேறு, அதனால் செத்த செல்களும் வேறு. நீலமும் பி16உம் ஒரே பெயரில் அழைக்கும் செல்கள் உண்மையில் ஒரே கூட்டம் இல்லை. எந்த உறுப்பில், எந்த வகைச் செல், எதனால் நின்றது, எத்தனை நாளாக நிற்கிறது, என்ன சுரக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெழுதும் சலிப்பான வேலை முடியாமல் மருந்து சரியாக அமையாது என்பதே என் கருத்து. அந்த வேலைக்குப் பணம் கிடைப்பது கடினம். ஆயுளை நீட்டுகிறேன் என்றால் எளிதில் கிடைக்கிறது.

உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பது வேறு. "ஏம்மா, வயசாகாம இருக்க மாத்திரை வந்துருச்சாமே? நீ அந்த ஆராய்ச்சிதானே பண்ற?" பெரியப்பா ஒருவர் இணையத்தில் பார்த்த குவெர்செட்டின் புட்டியின் படத்தைக் கைபேசியில் காட்டினார். "வாங்காதீங்க பெரியப்பா" என்றேன். "வெங்காயத்துல இருக்கிறதுதானேம்மா?" என்றார். சாம்பாரில் இருக்கும் அளவும் ஆய்வில் கொடுத்த அளவும் ஒன்றல்ல. நுரையீரல் நோயாளிகளின் ஆய்விலும் அதைத் தனியாகக் கொடுக்கவில்லை. கூடச் சேர்ந்த டாசாடினிப் ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும், நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கவைக்கும் மருந்து. ரத்தப் புற்றுநோயாளிக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். நடைப்பயிற்சிக்குப் போய்வரும் அறுபது வயதுக்காரர் கொடுக்கத் தேவையில்லை.

மூத்த செல்லை அகற்றும் சிகிச்சை என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால், அது எந்தப் பரிசோதனையின் கீழ் வருகிறது, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். இந்தியாவில் மருந்துப் பரிசோதனைகளை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம். அந்தப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம்.